கழுத்துத் துணி கட்டிய காக்கை

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரரான ஒலாந்தாக்காரர் கொடி பறந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து துரை காலை ஆகாரத்துக்கு உட்கார்ந்தார். தட்டில் ஒரு துண்டு பால்கட்டி இருந்தது. மாதக்கணக்காகக் கப்பலில் ஆடி, புயலுக்கும் புழுவுக்கும் தப்பி வந்த துண்டு. அதை ஒரு காக்கை கொத்திக்கொண்டு போயிற்று. போனதோடு நிற்கவில்லை. கொடிமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, ஒரு வாய் தின்று பார்த்து, பிடிக்காமல் கீழே துப்பிவிட்டது.

திருடியதைத் துரை மன்னித்திருப்பார். துப்பியதை மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே குப்பத்தில் தமுக்கு அடித்தார்கள். கோட்டையின் துபாஷி சுப்பராயலு துரையின் உத்தரவைத் தமிழாக்கிப் படித்தார்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நாட்டுக் காக்கை என்னும் ஜந்து கோட்டையின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்தபடியால், இன்று முதல் இவ்வெல்லைக்குள் பறக்கவும், உட்காரவும், கரையவும் அதற்கு அனுமதி இல்லை. மீறும் காக்கை சுடப்படும். காக்கைக்கு இடம் கொடுக்கும் வீட்டாரின் தோணி முகத்துவாரம் தாண்டக் கூடாது."

மீனவர்களுக்குப் படித்த பிறகு, சுப்பராயலு பனைமரத்தைப் பார்த்துத் திரும்பி இன்னொரு முறையும் படித்தார். சம்பந்தப்பட்டவர்களுக்கு நேரில் தெரிவிக்காத உத்தரவு செல்லாதல்லவா? மரத்தின்மேல் இருந்த காக்கைகள் தலையைச் சாய்த்துக் கேட்டன. ஆட்சேபம் சொல்லவில்லை. ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

குப்பத்திலும் யாரும் வருத்தப்படவில்லை. "கருவாடு காயப்போட்டா கண்ணு மூட வுடுதா அது? சுடட்டும்," என்றாள் ஜெயம்மா. குப்பத்தில் ஜெயம்மா சொன்னால் மற்றவர்கள் யோசிக்க வேண்டியதில்லை என்று ஒரு வசதி இருந்தது.

ஜெயம்மாவின் எதிர்வீட்டில் இருந்தவள் வேலம்மா. தலைச்சன் பிள்ளைக்காரி. புதுமுகம் யாராவது வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கேட்ட கேள்விக்கு இடுப்பிலிருக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அவள் ஏரியில் இறங்கிக் கையால் இறா தடவிப் பிடித்துவிட்டு, பறிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒலாந்தாக்காரர் கல்லறைத் தோட்டத்து வழியாக வரும்போது, துப்பாக்கிச் சத்தம் கேட்டது. புன்னைமரத்திலிருந்து பெரிய அண்டங்காக்கை ஒன்று விழுந்தது. சிப்பாய் பெருமாள் அதன் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கணக்குக் காட்டப் போய்விட்டான். கூடு சரிந்து தொங்கியது. கீழே, ஒரு கல்லறைமேல், இறகு முளைக்காத குஞ்சு ஒன்று கிடந்தது. வேலம்மாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. உள்ளே ஒரே சிவப்பு.

பசித்த வாயைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. பால் கொடுக்கிறவள். குனிந்து எடுத்துப் பறிக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடியே, மறுகையால் இறாவை உரித்து நசுக்கி, விரல் நுனியில் எடுத்துக் குஞ்சின் தொண்டைக்குள் வைத்தாள். தண்ணீரை ஊற்றினால் புரையேறும் என்று துணியை நனைத்துச் சொட்டவிட்டாள். பிள்ளை அழுதால் குஞ்சும் கத்தும். குஞ்சு கத்தினால் பிள்ளையும் அழும். இரண்டுக்கும் சேர்த்து, "வாம்மா, வாம்மா, ஆ காட்டு," என்று ஒரே தாலாட்டு.

"இன்னாடி வேலம்மா, பறிக்குள்ள இன்னாமோ கத்துது?" என்று வந்தாள் ஜெயம்மா.

"எறா, அக்கா."

"எறா கத்துமாடி?"

வேலம்மா யோசித்தாள். "பெரிய எறா."

ஜெயம்மா பறியை எட்டிப் பார்த்து மார்பில் கை வைத்தாள். "அடிப்பாவி! சனியன வூட்டுக்குள்ள வச்சிருக்கியேடி!"

"போன அமாவாசைக்கு நீதான இத்த, 'வா மாமா, வந்து சாப்புடு மாமா'ன்னு கூப்ட்ட?"

"அன்னிக்கு அமாவாசை. அது எங்க மாமனாரு. மறுநா காலையில எங்கேர்ந்துடி மாமனாரு வருவாரு? வெறும் காக்காதான்."

புருஷன் சின்னதம்பி வந்ததும் அவனும் பார்த்தான். கோபப்படத் தெரியாத மனுஷன். வயிற்றுக்கு மட்டும் பயப்படுவான்.

"தோணி போவக்கூடாதுன்னுட்டா கஞ்சிக்கு இன்னாமே பண்றது?"

"றெக்க மொளைச்சா பறந்துடும்யா."

"பறந்தா சுட்டுடுவாங்க."

வேலம்மா இதற்கும் வழி வைத்திருந்தாள். ஏரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. வலையின் மிதப்புக் கட்டையில் அவரவர் வீட்டுத் துணிக்கீற்றைக் கட்டியிருப்பார்கள். ஜெயம்மா வீட்டுக்கு நீலம். அடுத்த வீட்டுக்குக் காவி. வேலம்மா வீட்டுக்கு வெள்ளை. சாயம் ஏற்ற வக்கில்லாததால் வந்த வெள்ளை. துணி கட்டியிருந்தால் அது இன்னார் பொருள். பசியில் செத்தாலும் பிறத்தியான் தொடமாட்டான். ஆகவே குஞ்சுக்கு இறகு முளைத்ததும், வேலம்மா வெள்ளைக் கீற்றை அதன் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு விட்டாள். இனி யாரும் தொடமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தாள். கோட்டைக்காரருக்கு இந்த வழக்கம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனி மாத வெயிலில் சுப்பராயலு சோதனைக்கு வந்தார். இடுப்பில் வேட்டி. அதற்குமேல் குளிர்நாட்டுக் கறுப்புக் கம்பளிச் சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி. துரைமார் எப்படி உடுத்துகிறார்களோ அப்படி இடுப்புவரை உடுத்துவார். இடுப்புக்குக் கீழே சாதி இருந்தது. பின்னால் துப்பாக்கியோடு பெருமாள்.

கூரைமேல் இருந்த காக்கை, தன் வாழ்நாளில் காணாத அந்தத் தொப்பியைக் கண்டு, ஆசையோடு பறந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது. பெருமாள் துப்பாக்கியை உயர்த்தினான்.

"சுடாதேடா! காக்கைக்குக் கீழே நான் இருக்கேன்!"

பெருமாள் இதைக் கவனிக்கவில்லை என்று தோன்றியது. சுப்பராயலு தொப்பியை மெல்லக் கழற்றித் தூரப் பிடித்தார். அப்போதுதான் காக்கையை முழுசாகப் பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை.

"பெருமாள், உத்தரவிலே சொன்ன காக்கை எப்படி இருக்கும்?"

"சின்னதா, கழுத்து சாம்பலா இருக்குங்க."

"இது?"

"பெரிசா, முழுக்கக் கறுப்பா இருக்குங்க. இந்த மாதிரிதான் அன்னிக்குப் புன்னைமரத்துல..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கழுத்திலே என்ன?"

"வெள்ளத் துணிங்க."

"இந்த ஊரிலே கழுத்தில் வெள்ளைத் துணி கட்டுகிறவர் யார்?"

பெருமாள் யோசித்தான். "தொரைங்க. அப்பால நீங்க."

"அப்படியானால்?"

பெருமாள் துப்பாக்கியைத் தாழ்த்தி ஒரு சலாம் போட்டான். யாருக்குப் போட்டோம் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

சுப்பராயலு கதவுப் பக்கம் திரும்பினார். "யாரம்மா உள்ளே? இது எங்கிருந்து வந்தது?"

நான் வளர்த்தது என்றால் தோணி நின்றுவிடும். என்னுடையது இல்லை என்று சொல்லவோ வாய் வரவில்லை. வேலம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி, கல்லறைத் தோட்டத்தைக் காட்டினாள்.

சுப்பராயலுவுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது. அந்தத் தோட்டத்தில் ஒலாந்தாக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இடம் இல்லை. நாட்டார் நடந்து போகலாம்; செத்து உள்ளே போக முடியாது. ஆகவே அங்கிருந்து வருவது எதுவானாலும் அது சீமையைச் சேர்ந்தது.

"ஐயோ, துரையவர்களே! இந்த ஓலைக்குடிசையிலா தங்க நேர்ந்தது!" என்று காக்கையிடம் மன்னிப்புக் கேட்டு, தொப்பியோடு ஏந்திக்கொண்டு வெறுந்தலையாகக் கோட்டைக்கு நடந்தார். வேலம்மா கதவைப் பிடித்தபடி, "அது என் காக்கா," என்று சொன்னாள். இடுப்பிலிருந்த பிள்ளைக்கு மட்டும் கேட்டது.

கோட்டைத் துரை பரவசப்பட்டார். அவர் பிறந்த ஊரில் கோட்டைச் சுவர்மேல் இப்படித்தான் பெரிய கரும்பறவைகள் உட்கார்ந்திருக்குமாம். "பார், எவ்வளவு கம்பீரம்! இந்த ஊர்க் காக்கைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்றார். "முகஜாடைகூட இல்லை," என்றார் சுப்பராயலு.

சீமைக் காக்கைக்குத் தேக்குமரத்தில் ஆசனம் செய்தார்கள். வெளியே போனால் குடை பிடிக்க ஆள் வேண்டும். பெருமாளை நியமித்தார்கள். காலையில் இந்தக் காக்கைக்குக் குடை பிடிப்பான். மத்தியானம் மற்ற காக்கைகளைச் சுடுவான். குப்பத்திலிருந்து நாள்தோறும் ஒரு கூடை நல்ல இறா காக்கையின் சாப்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று.

குப்பத்தார் கோபப்பட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஜெயம்மா வாசலில் நின்று, "எங்க எதிர்வூட்ல எறங்குன காக்காதாண்டி அது. எங்க கூரையிலயும் ரெண்டு வாட்டி குந்திச்சு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். இளவட்டங்கள் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு கரையில் உலாத்தினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், "மாப்பிள்ளைக்குக் கழுத்துத் துணி உண்டா?" என்று கேட்டார்கள். ஜெயம்மா தன் கடா ஆட்டுக்கும் ஒன்று கட்டினாள். அதற்குப் பிறகு ஆடு தழை தின்பதில்லை, நிமிர்ந்தே நிற்கிறது என்று பெருமை பேசினாள். முடிச்சு இறுகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. வலைகளில் நீலமும் காவியும் போய் எல்லாம் வெள்ளையானது. எது யார் வலை என்று தெரியாமல் ஏரி நடுவில் தினம் ஓர் அடிதடி. அதிலும் கழுத்துத் துணி கசங்காமல்தான் அடித்துக்கொண்டார்கள். சின்னதம்பியும் கட்டிக்கொண்டான்.

"இன்னாய்யா இது?"

"நம்ம வூட்டு அடையாளம்தானமே?" என்றான். அதுவும் சரிதான்.

காக்கை கோட்டைக்குப் போன நான்காம் நாளே ஜெசிந்தா வந்தாள். துரைசானிக்கு ஆயா, நண்டு வாங்க வருகிறவள். குஞ்சை அது குஞ்சாக இருக்கும்போதே பார்த்தவள்.

"ஒன் காக்கா வாயே தொறக்கலடி. வெள்ளித் தட்டுல எறா வெச்சா பாக்குது, அப்பிடியே மொகத்தத் திருப்பிக்குது. செத்துடும் போல."

"வைத்தியருக்குக் காட்னாங்களா?"

"காட்னாங்களே. ஊர் ஏக்கமாம். பால்கட்டி குடுக்கச் சொன்னாரு. துப்பிடுச்சு."

"ஐயோ! சுட்டுடுவாங்களே!"

"நீ வேற. துப்புனதப் பாத்துத் தொரை கை தட்றாரு. பழசு புதுசு தெரிஞ்ச வாயாம். பெரிய எடத்துப் பறவையாம்."

வேலம்மா அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஜெசிந்தாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தபடி, கோட்டைச் சமையற்கட்டுக் கொல்லைக்குப் போனாள். ஜெசிந்தா காக்கையை அங்கே கொண்டுவந்து விட்டாள். வேலம்மா விரலில் இறாவை எடுத்து, "வாம்மா, ஆ காட்டு," என்றாள். காக்கை இறக்கையை அடித்துக்கொண்டு விரல்வரை விழுங்கப் பார்த்தது. அன்று முதல் தினமும் மத்தியானத்தில் இப்படியே நடந்தது. காக்கை பளபளவென்று ஆனது. தம்முடைய பால்கட்டி வைத்தியத்தைப் பற்றி வைத்தியர் சீமைக்கு எழுதினார்.

உடம்பு தேறியதுதான் வினையாயிற்று. இவ்வளவு அருமையான பறவையைக் கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய துரைமாருக்குக் காணிக்கையாக அனுப்பினால் தம் பதவி ஒரு படி உயரும் என்று துரை கணக்குப் போட்டார். ஆடி அமாவாசை கழிந்ததும் கப்பல்.

"மாசக்கணக்காக் கடல்ல போவணுமாமே. யாருடி அதுக்கு வெரல்ல வெச்சு ஊட்டுவாங்க?" என்றாள் ஜெசிந்தா.

வேலம்மா வீட்டுக்கு வந்து வெகுநேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஜெயம்மா வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் நின்றாள்.

"யக்கா. ஆடி அமாவாசைக்குச் சோறு வெப்போமே. தொட்றதுக்கு ஒரு காக்காகூட இல்லியே."

ஜெயம்மாவின் கையிலிருந்த முறம் நின்றது. அது யாருக்கும் தோன்றவில்லை. காக்கை தொடாமல் வீட்டில் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. காக்கையோ குப்பத்தில் இல்லை.

"கோட்டையில ஒண்ணுதான் இருக்கு," என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலம்மா வந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அது ஜெயம்மாவின் யோசனையாகிவிட்டது. "நாட்டுக் காக்கா தொட்டே நம்ம பெரியவங்க இவ்ளோ செஞ்சாங்கன்னா, சீமைக் காக்கா தொட்டா இன்னா செய்வாங்க, நெனச்சுப் பாருங்கடி!" என்றாள். குப்பமே திரண்டு கோட்டைக்குப் போய் விண்ணப்பித்தது. நாட்டுச் சோற்றைச் சீமைப் பறவை தொடுவது கௌரவமா என்று சுப்பராயலு முதலில் தயங்கினார். தின்ன வேண்டாம், தொட்டால் போதும் என்று ஏற்பாடாயிற்று.

அமாவாசைக்கு முதல்நாள் மத்தியானம் ஊட்டும்போது, வேலம்மா காக்கையின் கழுத்து முடிச்சை அவிழ்த்து வேறு முடிச்சாகப் போட்டாள். வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் முழுசும் கையோடு வந்துவிடும்.

ஆடி அமாவாசை அன்று காக்கை பவனி வந்தது. முன்னால் தமுக்கு. நடுவில் பெருமாள், தேக்கு ஆசனத்தை ஒரு கையில் ஏந்தி, மறுகையில் குடை. பின்னால் சுப்பராயலு. இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் இலை. இலையில் சோறு, வடை, பாயசம். கழுத்துத் துணிகளோடு குப்பம் முழுக்கக் கைகூப்பி நின்றது. காக்கை ஜெயம்மாவின் இலைக்கு மேலே பறந்தது. "வா மாமா!" என்று ஜெயம்மா கண்ணீர் விட்டாள். மாமா நிற்கவில்லை. நேரே வேலம்மாவின் தோளில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தது.

வேலம்மா விரலில் இருந்த இறாவை ஊட்டினாள். மறுகையால் நுனியை இழுத்தாள். வெள்ளைத் துணி கையோடு வந்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் அந்தக் கணத்தில் சீமைக் காக்கை மறைந்துபோனது. அதன் இடத்தில் ஒரு நாட்டுக் காக்கை உட்கார்ந்திருந்தது.

"காக்கை! சுடு!" என்று கத்தினார் சுப்பராயலு.

"எதாலங்க?" என்றான் பெருமாள். ஒரு கையில் ஆசனம். மறுகையில் குடை. துப்பாக்கியைக் கோட்டையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

"போம்மா, போ," என்று வேலம்மா தோளைக் குலுக்கினாள். காக்கை எழும்பிப் பனங்காட்டுப் பக்கம் பறந்தது.

அது அதே காக்கைதான் என்று யார் முதலில் சொல்வது? சொன்னால், இத்தனை நாள் எதற்குக் குடை பிடித்தோம் என்று கேள்வி வரும். பெருமாள் குடையைப் பார்த்தான். சுப்பராயலு பெருமாளைப் பார்த்தார். ஜெயம்மா தன் கடா ஆட்டைப் பார்த்தாள். ஒவ்வொருவர் கையும் தன் கழுத்துத் துணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டது.

கடைசியில் சுப்பராயலு வேலம்மாவின் கையிலிருந்த துணியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சீமைக் காக்கையவர்கள் நாட்டுச் சோற்றைக் கண்ட அதிர்ச்சியில் தேகவியோகம் ஆனார்," என்றார். அப்படியே துரைக்கும் தெரிவிக்கப்பட்டது. துரை தொப்பியைக் கழற்றினார். துணியைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, மேலே கல் நட்டார்கள். கல்லுக்குக் காவல் வேண்டுமே? பெருமாளைப் போட்டார்கள். இதனால் காக்கை சுட ஆள் இல்லாமல் போயிற்று. உத்தரவு இன்றுவரை அமலில்தான் இருக்கிறது. காக்கைகளும் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன.

அடுத்துப் புரட்டாசியில் வந்த பெரிய அமாவாசைக்கு, அவரவர் வாசலில் இலை போடுவது மட்டம் என்று முடிவாகி, குப்பம் முழுக்க அந்தக் கல்லுக்கு எதிரில் இலை போட்டது. புன்னைமரம் நிறையக் காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று இறங்கி வந்தால் போதும், "சீ, நாட்டுக் காக்கா! இது ஒனக்கு வெச்சது இல்ல!" என்று கல்லெறிந்து துரத்தினார்கள். கழுத்துத் துணி கட்டிய காக்கை வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. சோறு காய்ந்தது. பிள்ளைகள் வடையைப் பார்த்து அழுதன.

கழுத்துத் துணியோடு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த சுப்பராயலுவுக்கும் பசி. சுற்றுமுற்றும் பார்த்தார். நைசாக ஓர் இலை முன்னால் குந்தி, ஒரு வடையை எடுத்து வாயில் போட்டார்.

"தொட்டாச்சு!" என்று கூவினாள் ஜெயம்மா. "தொட்டாச்சுடி!"

குப்பம் முழுக்கச் சந்தோஷம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இலையைக் காட்டி, அவரைப் பார்த்து, "கா! கா! இந்தாண்ட வா மாமா! கா!" என்று கைதட்டி அழைத்தார்கள். சின்னதம்பியும் அழைத்தான். சுப்பராயலு தத்தித் தத்தி ஒவ்வோர் இலையாகப் போனார்.

குடிசைக் கொல்லையில் வேலம்மா தன் இலையைப் போட்டிருந்தாள். அண்டங்காக்கை வந்து சோற்றைத் தொட்டுவிட்டு, அவள் மடியிலிருந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தூரத்திலிருந்து இத்தனை பேர் கா, கா என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தலையைத் தூக்கியது. இறக்கையை விரித்தது.

"குந்துமா," என்றாள் வேலம்மா. "ஒன்ன இல்ல."